சமையக்கட்டுக்கு ரெண்டு ஸ்பீக்கர்

ஏனுங்க, கொஞ்சம் அக்கட்டால நகந்துக்கறீங்களா? பொட்டி முட்டுதுங்களா? கோவிச்சுக்காதீங்க. மேல வெக்கச் சொன்னாரு கண்டக்டரு, மாட்டேனுட்டேன். அப்ப டிக்கியில போடுங்கறாரு. டிக்கியில போடறதுக்கு இதென்ன வெங்காய மூட்டைங்களா? உள்ள இருக்கறது ரிசீவருங்க. ஒரு குலுக்கு குலுக்குனாப் போச்சு. அதான் சிங்காநல்லூர்ல ஏறுனதுல இருந்து மடியிலயே வெச்சுட்டு வர்றேன். தொடை ரெண்டும் மரத்துப் போச்சு. பரவால்ல, தாராபுரம் வரைக்குந்தான்.

கார் இருக்குதுங்க. ஒர்க்‌ஷாப்புல கெடக்குது. அது ஒரு தனிக் கதை, அதை உடுங்க.

ரிசீவர்னா என்னங்கறீங்களா? அந்தக் காலத்து ஆம்ப்ளிஃபயர் மாதிரிதானுங்க. ஹோம் தியேட்டருக்கு மூளையே இதுதான். படத்தோட சத்தத்தை வாங்கி, எந்த ஸ்பீக்கருக்கு எது போகோணுமோ அதை அதுக்குப் பிரிச்சு அனுப்பும். திரையில ரயில் போச்சுன்னா சத்தம் உங்க இடது காதுல வந்து வலது காதுல போகும். மழை பேஞ்சா நாலாப் பக்கமும் பேயும். ஒருக்கா கேட்டுட்டீங்கன்னா, இந்தா இந்த பஸ்ஸுல போட்டிருக்கறானே, இதை நீங்க பாட்டுன்னே சொல்ல மாட்டீங்க.

நம்முளுக்குக் கணபதியில கிரைண்டர் கடைங்க. நாச்சிமுத்துன்னு கேட்டா ஆரும் சொல்லுவாங்க. எங்கூட்டுக்காரி பேரு தமயந்தி. தாராபுரத்துல அவ தங்கச்சி பூங்கொடி ஊட்டுல போயி உக்காந்திருக்கறா. ரெண்டு நாள்ல வந்தர்றேன்னு போனவ. அமாவாசை போச்சு, பௌர்ணமியும் போச்சு, ஆளைக் காணோம். கூட்டியாரத்தான் போறேன். சண்டை கிண்டை ஒண்ணும் கெடையாதுங்க. நானும் குத்தம் பண்ணல, அவளையும் நான் குத்தம் சொல்ல மாட்டேன். எல்லாத்துக்கும் காரணம் எங்கூட்டுப் பழைய ரிசீவரு. அதுல ஏழு ஸ்பீக்கர்தான் ஓடும். அதுதான் வெனையே.

சொல்றேன் கேளுங்க. நேரம் போகோணுமல்ல?

புது ஊடு கட்டுனப்பவே ஹாலை நான் இதுக்குன்னே அளவெடுத்துக் கட்டுனேன். அவளுக்கும் சந்தோசந்தாங்க. இனி தியேட்டருக்கே போக வேண்டாம், ஊட்டுலயே சேந்து உக்காந்து பாத்துக்கலாம்னு பக்கத்து ஊட்டுலயெல்லாம் போயிச் சொல்லியிருக்கறா. அவளுக்குச் சினிமான்னா சின்ன வயசுல இருந்தே உசுரு. கண்ணாலத்துக்கு முந்தி வாரத்துக்கு ஒரு படம் பாத்தவ. கண்ணாலத்துக்கு அப்பறம் கடை, பொண்ணை வளத்துக் கட்டிக் குடுக்கறது, வந்து போற ஒறம்பரைன்னு அதுக்கெல்லாம் எங்கீங்க நேரம்?

அருள்தாஸுன்னு ஒரு ஃபிட்டர் வந்து மாட்டிக் குடுத்தாப்புல. முன்னாடி மூணு, பக்கவாட்டுல ரெண்டு, முதுகுக்குப் பின்னாடி ரெண்டு. ஆக ஏழு. மாட்டுனதுக்கப்பறம் அளவு பாக்கோணும். ஒரு மைக்கை நாம உக்கார்ற எடத்துல வெச்சுட்டா, ஒவ்வொரு ஸ்பீக்கரா கூய்னு கத்தும். அது எத்தனை அடி தள்ளி இருக்குதுன்னு ரிசீவரே கண்டுபுடிச்சுக்கும். அப்ப ஆரும் பேசப்புடாது, நடக்கப்புடாது, ஃபேன் சுத்தப்புடாது. தமயந்திகிட்ட நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன், பொட்டாட்ட இருன்னு. இருந்தா. ஆனா அடுப்புல குக்கரை வெச்சிருக்கறா! சரியா இடது பக்க ஸ்பீக்கர் கத்தறப்ப உஸ்ஸ்னு விசில் அடிச்சுது பாருங்க. ரிசீவர் என்ன சொல்லுச்சு தெரியுங்களா? அந்த ஸ்பீக்கர் நாப்பது அடி தள்ளி இருக்குதாம். எங்கூட்டு ஹாலே பதினாறு அடிங்க! நாப்பது அடின்னா ரோட்டைத் தாண்டி எதுத்த ஊட்டுக் கக்கூஸுக்குள்ள போயிரும்.

எனக்கு எரிச்சல்னா எரிச்சல். அவளானா சிரிக்கறதாட்ட மூஞ்சிய வெச்சுக்கிட்டு, பருப்பு வேகோணுமல்லங்க, மதியானத்துக்கு என்ன திம்பீங்கங்கறா. மறுக்கா மொதல்ல இருந்து அளவு பாத்தோம். அவளை மொட்டை மாடிக்கு அனுப்பிட்டுப் பாத்தோம்.

சரி, எல்லாம் அமைஞ்சுது. நல்லாத்தான் போச்சு. ஆனா ஞாயித்துக்கெழமை படம் போட்டா இவ சமையக்கட்டுல இருந்து கத்துவா. ஏனுங்க, இப்ப அழுகறது ஆருங்க? ஏனுங்க, அவன் திரும்பி வந்துட்டானா? நாம வசனத்தைக் கேக்கறதா, இவளுக்குப் பதில் சொல்றதா? இல்லாட்டி முந்தானையில கையத் தொடச்சுட்டே வந்து கதவு நெலவுகிட்ட நிப்பா. வந்து நின்னா நிக்கட்டுமுங்க, எனக்கென்ன? ஆனா அவ நிக்கற எடத்துக்கு நேராத்தான் வலது பக்க ஸ்பீக்கர் இருக்குது. மறைக்கும். தள்ளி நில்லு, சரவுண்டு மறைக்குதும்பேன். அடுப்புல தோசை இருக்குதுன்னு போயிருவா.

உக்காந்து பாக்கறதில்லயான்னு கேக்கறீங்களா? எங்கீங்க உக்கார்றது? சோபாவுல நடு எடத்துக்குத்தான் அளவெடுத்திருக்குது. ஓரத்துல உக்காந்தா ஒரு பக்கத்துச் சத்தந்தான் கேக்கும். அதைக் கேக்கறதுக்குக் கேக்காமயே இருக்கலாம். அதுமில்லாம, படம்னா நம்ம சிநேகிதக்காரங்க நாலு பேரு வருவாங்க. வர்றவிய வெறும் வாயோட உக்காருவாங்களா? பணியாரம், போண்டா, காப்பி. அவளுக்கும் கை ஓயாது.

இருந்தாலும் எனக்குப் பாவமாத்தான் இருந்துச்சு. மனுசன்தானே நானும்? அருள்தாஸைக் கூப்புட்டுச் சமையக்கட்டுல ரெண்டு ஸ்பீக்கர் மாட்டச் சொன்னேன். நல்ல ஸ்பீக்கருங்க, ஏனோதானோன்னு வாங்கல. ஒண்ணு மிக்ஸிக்கு மேல, ஒண்ணு புளி, மொளகா டப்பா வெக்கற அலமாரிக்கு மேல. எந்தப் புருஷன் செய்வான் சொல்லுங்க? எங்க தெருவுல ஒருத்தன் செய்யல. ரெண்டு ஞாயித்துக்கெழமை நான் மெனக்கெட்டு உக்காந்து, உதடு அசையறதுக்கும் சத்தத்துக்கும் ஒரு மசுரளவு முன்ன பின்ன இல்லாம அந்தச் சமையக்கட்டு ஸ்பீக்கருக்கு டைமிங் வெச்சுக் குடுத்தேன். அப்பக்கூட அவ என்ன சொன்னா தெரியுங்களா? இங்கிருந்து உதடே தெரியாதேங்கன்னா. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனைம்பாங்க. கோவத்துல சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க.

இப்பத்தான் வெனை ஆரம்பிச்சுது. ஏழும் ரெண்டும் ஒம்பது. ரிசீவர்ல ஏழுதான் ஓடுமுன்னு சொன்னேனல்ல? அதனால அருள்தாஸு ரெண்டு செட்டிங் போட்டு வெச்சாப்புல. செட்டிங் ஒண்ணுன்னா ஹால்ல ஏழும் பேசும், சமையக்கட்டு ஊமை. செட்டிங் ரெண்டுன்னா சமையக்கட்டு பேசும், என்ற முதுகுக்குப் பின்னாடி இருக்கற ரெண்டும் ஊமை. ரிமோட்டுல ஒரு பட்டன், பொட்டி மூஞ்சியில ஒரு பட்டன். அமுத்துனா உள்ள டொக்குன்னு ஒரு சத்தம். அவ்வளவுதான்.

அந்த டொக்கு இருக்குது பாருங்க, அதைக் கேட்டாலே எனக்கு இப்பவும் வயிறு எரியுதுங்க. நான் செட்டிங் ஒண்ணு போட்டு உக்காருவேன். அவ பணியாரத் தட்டைக் கொண்டாந்து வெச்சுட்டுத் திரும்பிப் போறப்ப, போற போக்குல சுண்டு வெரலால ஒரு அமுத்து. டொக்கு. ரெண்டுக்குப் போயிரும். நான் ரிமோட்டை எடுத்து ஒண்ணுக்குக் கொண்டு வருவேன். காப்பி கொண்டாருவா. மறுக்கா டொக்கு. வாயத் தொறந்து ஒரு வார்த்தை பேச மாட்டா. நானும் பேச மாட்டேன். படம் பூராவும் டொக்கு, டொக்கு, டொக்கு. வந்தவிய, ஏன் நாச்சிமுத்து, பொட்டிக்குள்ள பல்லி இருக்குதாங்கறாங்க.

அவகிட்டக் கேட்டேன். ஏம்புள்ள, முதுகுக்குப் பின்னாடி சத்தம் இல்லாட்டி அது படமான்னு கேட்டேன். உங்குளுக்கு அஞ்சு இருக்குதுங்க, எனக்கு ரெண்டுதானேங்கறா. கணக்கு பேசறா. இதென்ன மாங்கா பங்கு வெக்கறதாங்க?

அப்பறம் அந்த ஞாயித்துக்கெழமை. என்ற கடைக்குப் பக்கத்துல மில் ஸ்டோர் வெச்சிருக்கறாரு குப்புராஜ். அவரும் ஹோம் தியேட்டர் வாங்கிட்டாருங்க. வாங்கிட்டு, என்றதைவிட அவுருது ஒசத்தின்னு மார்க்கெட் பூராவும் சொல்லிட்டுத் திரிஞ்சாரு. வாங்க, வந்து ஒருக்கா கேட்டுட்டுப் போங்கன்னு குடும்பத்தோட கூப்புட்டேன். காட்டுத் தீ பத்திக்கற படம் ஒண்ணு போட்டேன். அதுல ஒரு எடம் இருக்குதுங்க. மலை உச்சியில தீக்கு நடுவுல ஒரு பொட்டப்புள்ளை மாட்டிக்கும். அம்மாக்காரி கீழ நின்னு கத்துவா. அப்ப ஹெலிகாப்டர் வரும் பாருங்க, நம்ம முதுகுக்குப் பின்னாடி மொதல்ல லேசா கேட்டு, அப்படியே தலைக்கு மேல ஏறி, திரைக்குள்ள போகோணும். அதைக் கேட்டா குப்புராஜ் வாயே தொறக்க மாட்டாரு. இப்ப வரும், இப்ப வரும்னு நானே வெரல தூக்கிக் காட்டறேன், பின்னாடி கேளுங்கன்னு. எல்லாரும் திரும்பிப் பின்னாடி பாக்கறாங்க.

ஒண்ணுமில்ல. கப்சிப். செவுருதான் இருக்குது. ஹெலிகாப்டர் எங்கிருந்தோ கெளம்பித் திரையில வந்து நிக்குது. குப்புராஜ் என்னையப் பாத்து, உங்க ஹெலிகாப்டர் பஸ்ஸுல வந்துதா நாச்சிமுத்துன்னாரு. அவரு சம்சாரம் வாயப் பொத்திட்டுச் சிரிக்குது.

மானம் போச்சுங்க. அப்படியே எந்திரிச்சுச் சமையக்கட்டுக்குப் போனேன். போனா, இவ அடுப்பை அணைச்சுட்டுக் கரண்டியக் கையில புடிச்சுட்டு, அண்ணாந்து அந்த மொளகா டப்பா அலமாரி ஸ்பீக்கரையே பாத்துட்டு நிக்கறா. கண்ணுல தண்ணி. வெங்காயம் கிங்காயம் ஒண்ணும் அரியல, போண்டா எல்லாம் எப்பவோ போட்டாச்சு. எனக்கு வந்த கோவத்துல திரும்பி வந்து பட்டனை அமுத்துனேன். டொக்கு. சமையக்கட்டு ஊமையாயிருச்சு.

இவ என்ன பண்ணுனா? கரண்டியோடயே ஹாலுக்கு வந்து நின்னா. வந்தவிய முன்னாடி, ஏனுங்க, அந்தப் புள்ளை பொழச்சுதான்னு கேட்டா. நான் உஷ்ஷுன்னேன். இன்னொரு ஹெலிகாப்டர் வரோணுமல்லங்க! அதையாச்சும் குப்புராஜுக்குக் காட்டோணுமல்ல? மறுக்கா கேட்டா, பொழச்சுதாங்க? உஷ்ஷு, ஒறம்பரை இருக்கறப்ப என்ன இது, உள்ள போன்னு சொன்னேன். போயிட்டா.

ரெண்டாவது ஹெலிகாப்டர் சூப்பரா வந்துதுங்க. குப்புராஜ் ஒத்துக்கிட்டாரு.

அடுத்த நாள் காலையில பையை எடுத்து வெச்சுட்டு, பூங்கொடிய ஒருக்கா பாத்துட்டு ரெண்டு நாள்ல வந்தர்றேன்னா. அவ மூஞ்சியில கோவம் இல்லீங்க. நான் நல்லாப் பாத்தேன். இட்லி மாவு அரைச்சு வெச்சிருக்குது, ரசப்பொடி எந்த டப்பாவுல இருக்குதுன்னு எல்லாம் சொல்லிட்டுத்தான் போனா. கோவமா போறவ ரசப்பொடி இருக்கற எடத்தைச் சொல்லுவாளா?

உண்மையச் சொன்னா, அவ போனதும் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக்கூட இருந்துச்சு. ஆரும் டொக்குன்னு அமுத்த மாட்டாங்க. குக்கர் இல்ல, மிக்ஸி இல்ல, ஏனுங்க ஏனுங்கங்கற சத்தம் இல்ல. செட்டிங் ஒண்ணைப் போட்டு, கதவைச் சாத்திட்டு, ஏழு ஸ்பீக்கரும் எனக்கேன்னு உக்காந்தேன்.

ஆனா பாருங்க, என்னமோ சரியில்ல. சத்தத்துல ஏதோ ஒண்ணு கொறையுது. எதுன்னு புடிபடல. நம்ம காது அப்படியொண்ணும் லேசுப்பட்ட காது இல்லீங்க. கடையில கிரைண்டர் ஓடறப்பவே எந்த பேரிங் தேஞ்சிருக்குதுன்னு தூர இருந்தே சொல்லிருவேன். அந்தக் காதுக்கே தெரியல. ஒயரைப் பூராவும் கழட்டி மாட்டுனேன். மைக்கை வெச்சு மறுக்கா அளவு பாத்தேன். அத்தனையும் கரெக்டுங்குது. அருள்தாஸைக் கூப்புட்டுக் காட்டுனேன். நல்லாத்தானேங்க இருக்குதுங்கறாப்புல. எங்க நல்லா இருக்குது? அரைப் படம் பாக்கறதுக்குள்ள எந்திரிச்சு எந்திரிச்சுப் போறேன். ஊடே வெறிச்சோன்னு இருக்குது. சோறு எறங்க மாட்டேங்குது. அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது, ரிசீவருக்கு வயசாயிருச்சு. மாத்தியே ஆகோணும்.

போனுல அவகிட்டக் கேட்டேன், எப்ப வர்றேன்னு. பாக்கலாமுங்கன்னா. அப்பறம் அவளே சொன்னா, அந்தச் சமையக்கட்டு ஸ்பீக்கர் ரெண்டையும் கழட்டிருங்க, எனக்கு வேண்டாமுன்னு. பாத்தீங்களா? சத்தம் பத்தலன்னு வாயத் தொறந்து சொல்ல மாட்டா. அவ கொணம் அப்படி. நாமதான் புரிஞ்சுக்கோணும்.

அதான் இது. இந்தப் பொட்டி. இதுல பதினொண்ணு ஓடுமுங்க! செட்டிங் ஒண்ணும் வேண்டாம், செட்டிங் ரெண்டும் வேண்டாம், மாத்தற பேச்சே கெடையாது. ஹால்ல ஏழும் பேசும், சமையக்கட்டுல ரெண்டும் பேசும். இனி எதுக்குங்க சண்டை? அதுபோக இன்னும் ரெண்டு மிச்சம் இருக்குது. அதை எங்க மாட்டறதுன்னு ரோசனை பண்ணுனேன். பொறக்கடையில துணி தொவைக்கற எடத்துல மாட்டிரலாம்னு இருக்கறேன். அங்கயும் அவதானே நிக்கறா? இதை நேராவே ஊட்டுக்குக் கொண்டு போயிருக்கலாம். ஆனா மொதல்ல அவ கண்ணுல காட்டோணும். பிரிச்சுக் காட்டுனா மனசு எறங்கிருவா, எனக்குத் தெரியும். வராம எங்க போவா? வரோணுமுங்க. அவ இல்லாம எனக்கு ஒண்ணும் ஓட மாட்டேங்குது, அதையும் சொல்லிர்றேன்.

குண்டடம் தாண்டியாச்சுங்களா? அப்ப ஒரு போன் போட்டுக்கறேன். இந்தப் பொட்டிய இப்படிக் கொஞ்சம் புடிச்சுக்கறீங்களா? கீழ அமுத்தாதீங்க, சும்மா புடிச்சாப் போதும்.

அலோ! தமயந்தி! நாந்தான். பஸ்ஸுல வந்துட்டிருக்கறேன். எங்க இருக்கற? என்ன, சத்தமாப் பேசு. எங்க? பூங்கொடி கூடவா? பின்ன ஆரு கூட? ஆருமில்லயா? படம் முடிஞ்சா? அலோ? அலோ?

தியேட்டர்ல இருக்கறாளாமுங்க. தங்கச்சி வேலைக்குப் போயிட்டாளாம், இவ மட்டும் ஒத்தையா டிக்கெட் எடுத்துட்டுப் போயி உக்காந்திருக்கறா. படம் முடியட்டும், அப்பறம் பேசறேங்கறா. பாருங்க, போனைக்கூட அணைக்காம மடியில வெச்சுட்டா போலிருக்குது. படத்துச் சத்தம் அப்படியே வருது.

இருங்க இருங்க, கேக்கறேன். ஐயோ சாமி! என்ன தியேட்டருங்க இது? முன்னாடி ஒரே ஒரு ஸ்பீக்கர்தான் ஓடுது, அதுவும் கொடகொடங்குது. பக்கவாட்டுல ஒண்ணும் வேலை செய்யல. பின்னாடி சுத்தமா இல்ல. இந்தாங்க, நீங்களும் காதுல வெச்சுக் கேளுங்க. நம்ம ஊட்டுல மொளகா டப்பாவுக்கு மேல கேக்கறது இதைவிடப் பத்து மடங்கு சுத்தமா இருக்குமுங்க. இதைப் போயி உக்காந்து பாக்கறாளே!

அட, குடுங்க இப்படி. நடுவுல ஆருங்க இது? ஆரோ ஒரு பொம்பள சிரிக்கறா. போனுக்குப் பக்கத்துலயே இருக்கறா. என்னங்க இப்படி வாயுட்டுச் சிரிக்கறா? ஒரு வசனம் கேக்க உடறாளா? மறுக்கா பாருங்க. மூச்சு வாங்கிட்டு மறுக்கா சிரிக்கறா. நம்ம ஹால்ல இப்படி ஒருத்தி இருந்திருந்தா அப்பவே எந்திரிச்சுப் போகச் சொல்லியிருப்பேன். எங்கூட்டுக்காரி பாவமுங்க, அவ அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டா. பக்கத்துல இப்படி ஒருத்திய வெச்சுக்கிட்டு முழுப் படத்தையும் எப்படித்தான் பாக்கறாளோ.